பதினேழாம் எண்

மார்ச் 4
எங்கள் கொழுப்பு ஆய்வில், இதய நோயாளிகளோடு ஒப்பிட ஆரோக்கியமான இருபது பேரின் ரத்தம் வேண்டும். அலுவலகத்தில் பத்தொன்பது பேர்தான் தேறினார்கள். தம்பியை வரச் சொன்னேன். வந்தவன் சும்மா இருப்பானா? “சின்ன வயசுலேருந்து எனக்குக் கொழுப்பு அதிகம்னு திட்டுவியேக்கா, இன்னைக்கு அளந்தே பாத்துடு.” ரத்தம் எடுத்த நர்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முப்பத்தெட்டு வயது, குச்சி உடம்பு, தினமும் ஓட்டம். இவனைவிட ஆரோக்கியமான ஆள் எங்கே கிடைப்பான்?

குப்பிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஆய்வுத் தலைவரின் அலமாரியில். கட்டுரை வெளியாகும்வரை திறக்கக் கூடாது என்பது விதி.

மார்ச் 19
முடிவுகள் வந்தன. பத்தொன்பது பேருக்குக் கெட்ட கொழுப்பு 130-க்குள். பதினேழாம் எண்ணுக்கு 318. மறுபடி சோதித்தேன். 321.

தலைவரிடம் காட்டினேன். “சாப்பிட்டுட்டு வந்திருப்பாங்க. தூக்கிடுங்க. ஒரு புள்ளி மொத்த வரைபடத்தையும் கெடுக்குது.”

ஒரு வேளைச் சாப்பாட்டில் இது இப்படி ஏறாது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பட்டியலைத் திறந்து அந்த ஆளிடம் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் கட்டுரை அனுப்பப் பத்தே நாள்.

தூக்கிவிட்டேன்.

மார்ச் 20
வரைபடம் அழகாக இருக்கிறது.

ஏப்ரல் 2
ரத்தம் கொடுத்தவர்களில் வாசல் காவலரும் ஒருவர். மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பதினேழு இவர்தானோ? “ஒரு தடவை டாக்டரைப் பாருங்க” என்றேன். “எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்.” மனசு கொஞ்சம் ஆறியது. சொல்லியாயிற்று அல்லவா.

மே 11
தம்பி போய்விட்டான்.

மே 15
ஓடிவிட்டு வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தவன்தான். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அவன் மனைவி இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். “ஒரு ஷூவைக் கழட்டிட்டாரு அண்ணி. ஒண்ணைக் கழட்டிட்டாரு.”

மே 19
தலைவர் முன்னால் போய் நின்றேன். பட்டியலைத் திறக்க விதி இடம் தராது என்று ஆரம்பித்தார். “சாவியக் குடுங்க சார்.” என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

பதினேழுக்கு எதிரே தம்பி பெயர்.

காவலரைச் சந்தேகப்பட்டேனே, உன்னை நெனைக்கவே இல்லியேடா. ஐம்பத்து மூணு நாள் இருந்துச்சே — ஒரு போன் பண்ணியிருந்தா —

இவ்வளவு என்றால் இது பரம்பரையாக வருவது. கல்லீரல் வாங்கிக்கொள்ளாத கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றிக் குழாயில் படியும். அப்பா இளம் வயதில் விபத்தில் போனவர். அவருக்கு இருந்ததா, யாருக்குத் தெரியும்? எனக்கு 96. அவனுடைய பாப்பாவுக்கு?

மே 27
பாப்பாவுக்கு 287. ஒன்பது வயது.

இப்போதே தெரிந்தது நல்லது, மருந்தில் கட்டுப்படும் என்று தம்பி மனைவியிடம் சொன்னேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவரும் உங்ககிட்ட ரத்தம் குடுத்தாரே அண்ணி. அப்ப எவ்வளவு இருந்துச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“தெரிஞ்சுமா விட்டீங்க?”

யாருடையது என்று தெரியாது என்றேன்.

“யாரோ ஒருத்தரோடதுன்னா விட்டுடலாமா?”

பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 9
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குக் கடிதம் அனுப்பினேன். தலைவர் என்னோடு பேசுவதில்லை. தம்பி வீட்டில் போனை எடுப்பதில்லை.

ஜூன் 24
பாப்பாவுக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சொன்னார்.