லீக்ஸ் பாத்திக்கு உப்பு

ஆகஸ்ட் 9, சனி

பனிப்புகார். எதிர்வீடு தெரியவில்லை. குளிருக்குக் காலில் இரண்டு சோடி மேசு, ஒன்று ராத்தாவுடையது.

நானும் வாப்பாவும் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. பள்ளிவாசல்துறையிலிருந்து இந்த மலைக்கு நான்கு பஸ். கொண்டுவந்தவை: கருவாடு, கூனி இறால், அரை மூடை உப்பு. எல்லா பஸ்ஸிலும் இருக்க இடம் கிடைத்தது. கருவாட்டுக்கு நன்றி.

மலையைக் கண்டு மலைத்தேன் என்று எழுதினால் தமிழ் டீச்சர் புள்ளி போடுவா. மலைக்கவில்லை. பயம்தான். ராத்தாவின் மாப்பிள்ளை (எனக்கு மச்சான்) கீழ்ப்பக்கத்து மரக்கறிக் காணியை வாப்பாவிடம் பார்க்கக் கொடுத்தால் நாங்கள் எல்லோரும் இங்கே வந்துவிடலாம். கொடுக்காவிட்டால் வாப்பா சவூதிக்கு. பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்சிக்காரரிடம்.

படகை விற்றதிலிருந்து வாப்பா சிரித்து நான் காணவில்லை.

ஆக. 10, ஞாயிறு

தூறல். காலை கோவாச் சுண்டல், பகல் கோவாக் கறி, இரவும் கோவாவாம். கோவாவின் மேல் எனக்குக் கோவம்.

மச்சானின் சப்பாத்துக்குள் கருவாட்டுத் தலை வைத்தேன். காலை விட்டவர் துள்ளிய துள்ளலில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது.

“யா அல்லாஹ், உள்ளுக்கு என்னமோ கடிக்கிது!”

“கடிக்காது மச்சான். அது மௌத்தாகி ஒரு மாசம்.”

வாப்பா சிரித்தார். பல் தெரிய. ராத்தா அடுப்படிக்குள் போய் முகம் துடைத்தாள்.

பிறகு மச்சான் எங்களைக் கீழே கூட்டிப்போனார். கரட், போஞ்சி, லீக்ஸ். (பார்க்க வெங்காயத் தாள் மாதிரி. லீக் ஆவது பரீட்சைத் தாள் மட்டும் என்றிருந்தேன்.)

“இந்த லீக்ஸ் பாத்தி ரெண்டையும் நீங்களே பாருங்க மாமா. சரிவந்தா கீழ்க் காணி முழுக்க உங்கட கையில.”

வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லி மண்ணைத் தொட்டார்.

ஆக. 11, திங்கள்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவைக் காணோம். புகாருக்குள் தேடிப் போனேன். லீக்ஸ் பாத்தியில் குந்தியிருந்தார், பக்கத்தில் உப்பு மூடை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு பிடி உப்பு. ஊரில் எங்கள் தென்னைகளுக்குப் போடுவது போலவே.

“மச்சானுட்ட கேட்டீங்களா வாப்பா?”

“இதுக்கென்ன கேக்கிற? உப்புப் போடாத தென்னை காய்ச்சுக் கண்டீக்கியா? பாரு, என்னா மாதிரிப் புடிக்குமெண்டு.”

எனக்கும் சரியாகத்தான் பட்டது. வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றி, உப்பு கரையும் மட்டும் நின்றேன்.

“இந்த லீக்ஸுக்குக் கறியில வேற உப்புப் போடத் தேவையில்ல வாப்பா.”

மறுபடியும் சிரிப்பு! ஊரிலிருக்கும் உம்மாவுக்கு நான் அனுப்பிய குரல் மெசேஜ்: சாமான்களைக் கட்டத் தொடங்குங்க.

ஆக. 13, புதன்

இலை நுனிகள் வெளுப்பு. வாப்பா: “குளிருக்கு.” நானும்: “குளிருக்கு.”

ஆக. 14, வியாழன்

குளிருக்கில்லை.

இரண்டு பாத்தியும் வைக்கோல் நிறம். சரிந்து கிடக்கின்றன. மச்சான் குனிந்து ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்தார். துப்பினார்.

“மாமா, உப்பா போட்டீங்க?”

“ஓம் மகன். தென்னைக்குப் போடுற மாதிரித்தான்.”

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. “சரி மாமா. குளிரா ஈக்கிது. உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி குடிப்பம்.” ஏசியிருக்கலாம்.

வாப்பா உள்ளே வரவில்லை. செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். கை எடுத்ததும் விழுந்தன.

அடுப்படியில் ராத்தாவும் மச்சானும் கதைத்தது கேட்டது:

“வாப்பா வேணுமெண்டு செய்யல்லயே.”

“நான் அப்பிடிச் சொல்லல்லயே. காணி குத்தகைக்கு எடுத்தது. மண்ணுல உப்பு ஏறினா காணிக்காரனுக்கு நான் என்ன சொல்ற? மிச்சத்தையும் எப்பிடி மாமாட கையில குடுக்கிற?”

கேட்டுவிட்டுப் போய்ச் சப்பாத்துக்குள் இன்னொரு கருவாட்டுத் தலை வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மச்சான் அதை எடுத்து வாசலில் போட்டார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆக. 16, சனி

இன்றைக்கென்று நல்ல வெயில். திரும்பிப் போகிறோம். பஸ்ஸுக்குள் எழுதுவதால் கோணல் எழுத்து.

ராத்தா தந்துவிட்டவை: கோவா, கரட், மச்சானின் பாத்தியிலிருந்து லீக்ஸ் ஒரு கட்டு. லீக்ஸ் கட்டை மட்டும் வாப்பா மடியில் வைத்திருக்கிறார்.

கண்டி, குருநாகல், சிலாபம். வாப்பாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். கொண்டக்டர் மாதிரிக் கத்திக் காட்டினேன். முன் சீட்டு ஆளின் குறட்டைக்குத் தாளம் போட்டேன். ம்ஹும்.

மதுரங்குளி தாண்டியதும் போனை எடுத்தார். ஏஜென்சிக்காரர்.

“ஓம்… ஓம். நான் ரெடி. திங்கக்கிழமை வாறன்.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சவூதில முழுக்க மணல்தானாம் மகள். நான் போய்க் கெடுக்கிறதுக்கு ஒண்டும் முளைக்காது.”

பகிடி. வாப்பா பகிடி விடுகிறார். சிரிப்பேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.