ஒட்டகத்தின் இடது காது

20 மார்ச் 1986

அன்புள்ள நெட்டை,

வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நம் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு நான் பயிற்சியாளரான முதல் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒரு கல்லூரிக்காரர்கள் பாதி ஆட்களை பஸ்ஸில் தவறவிட்டு வந்தார்கள். அவர்களிடமும் தோற்றோம்.

பசங்க நல்லவர்கள். ரொம்ப நல்லவர்கள், அதுதான் வம்பு. எதிராளி வந்து இடித்தால் இவர்கள் ‘சாரி’ சொல்கிறார்கள். முதல்வர் கூப்பிட்டு, அணி என்று ஒன்று இருந்தே ஆக வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். நாம் ஆடிய காலத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்து, நமக்காகத் தொண்டை கிழியக் கத்திய அதே மனிதர்தான்.

ஆட்டம் என்ன ஆச்சு என்று வீட்டில் மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறதாம். உன்னிடம்தான் மனம்விட்டுப் புலம்ப முடிகிறது. போன தடவை மாதிரி நாலு வரியில் பதில் போட்டால் படிக்கவே மாட்டேன்.

உன்
குட்டை

---

11 ஏப்ரல் 1986

அடேய் குட்டை,

உன் கடிதத்தை அலுவலகத்திலேயே பிரித்தது தப்பாகிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எனக்குப் பதவி உயர்வு என்று நினைத்துக் கைகொடுத்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேறு எதற்கும் யாரும் சிரிப்பதில்லை.

உள்ளதைச் சொல்லட்டுமா? உன்மேல் பொறாமையாக இருக்கிறது. தோற்றாலும் நீ கோர்ட்டில் நிற்கிறாய். நான் இந்த உடம்பை மடக்கி நாற்காலிக்குள் வைத்துக்கொண்டு, செத்தவர்களின் கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறேன். அதனால் எதையும் சுருக்காதே. எவன் எப்படி ஓடுகிறான், எவன் எதற்கு அழுகிறான், எல்லாவற்றையும் எழுது. இங்கிருந்தே உன் அணியை நான் பார்க்க வேண்டும்.

முதலில் உயரமான ஒருவனைத் தேடிப் பிடி. உன்னைப் போல ஐந்து பேரை வைத்துக்கொண்டு கூடைக்குக் கீழே கோலிதான் ஆடலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
நெட்டை

---

3 மார்ச் 1987

அன்புள்ள நெட்டை,

கிடைத்துவிட்டான். நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகத்தை ஏணி இல்லாமல் எடுத்துக்கொண்டு நின்றான். முதலாண்டு இயற்பியல். பசங்க வைத்த பெயர் ஒட்டகம். அதுவரை பந்தையே தொட்டதில்லை. கொஞ்ச நாள் விழுந்து விழுந்து எழுந்தான். அப்புறம் மற்றவர்களை விழவைத்தான். இந்தப் பருவத்தில் பாதிக்குப் பாதி ஜெயித்திருக்கிறோம். முதல்வர் ஆட்டம் பார்க்க வந்து, உட்கார நாற்காலி இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு விஷயம், உன்னோடு இருக்கட்டும். நான் கத்துவது சில நேரம் அவனுக்கு ஏறுவதே இல்லை. திமிர் என்று நினைத்து ஒருநாள் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். மற்றவர்கள் போன பிறகு வந்து நின்றான்.

“சார், எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சதும் என் பேரையே மாத்திட்டாங்க. இங்க யாருக்கும் தெரிய வேணாம் சார்.”

யாரிடமும் சொல்வதில்லை என்று கையடித்துக் கொடுத்தேன். வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. உன்னிடம் சொல்வது எனக்கு நானே சொல்லிக்கொள்வது மாதிரி.

உன்
குட்டை

---

29 மார்ச் 1987

அடேய் குட்டை,

அந்தப் பையனை நினைத்து மனசு கனத்துப் போனது. ஆனால் நீ யோசிக்க வேண்டியது இது: கூடைக்கு அடியில் நிற்கிறவனுக்கு இடது பக்கத்தில் ஆள் வருவது கேட்காது. கூட்டாளி கத்தினாலும் கேட்காது. அதற்கு என்ன செய்யப் போகிறாய்?

நான் சொல்வதைச் செய். பந்தைக் கொண்டுவரும் பையனை எப்போதும் அவனுக்கு வலது பக்கமாகவே நிறுத்து. கையை மடக்கி உயர்த்தினால் இடது பக்கம் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நெஞ்சைத் தொட்டால் திரும்பாதே என்று அர்த்தம். காதால் முடியாததைக் கண்ணால் வாங்கிக்கொள்ளட்டும். பழக்கிக்கொடுக்க விடுமுறையில் நானே வருகிறேன். தங்கச்சி கையால் சாப்பிட்டும் ரொம்ப நாளாகிறது.

உன்
நெட்டை

---

14 மார்ச் 1988

அன்புள்ள நெட்டை,

அரையிறுதி வரை போனோம். ஒரே ஒரு புள்ளியில் போய்விட்டது. பசங்க கோர்ட்டிலேயே படுத்துவிட்டார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் நீ வந்து போனதன் பலனை இந்தப் பருவம் முழுக்கப் பார்த்தேன். கைச்சாடை எங்களுக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. எதற்காக என்று மற்ற பசங்களுக்குத் தெரியாது. ஏதோ வெளியூர் வித்தை என்று நினைக்கிறார்கள். காது விஷயம் உனக்குத் தெரியும் என்று ஒட்டகத்துக்கும் தெரியாது; சாடை என் யோசனை என்றே சொல்லியிருக்கிறேன். ஒட்டகம் உன்னை அடிக்கடி விசாரிக்கிறான். “அந்த சார் எப்போ வருவாரு?” என்கிறான். அவன் தானாக ஒருவரை விசாரிப்பது பெரிய விஷயம்.

உனக்குப் பரிமாறியதிலிருந்து வீட்டிலும் உன் பேச்சுதான். அண்ணன் சாப்பிடுகிற அழகே தனி, நீங்களும் சாப்பிடுகிறீர்களே என்று எனக்குத்தான் திட்டு.

உன்
குட்டை

---

2 டிசம்பர் 1988

குட்டை,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். காப்பீட்டு வேலையை விட்டுவிட்டேன். அது பெரிய கதை, நேரில் சொல்கிறேன். உடம்பு சுகம், மனசும் சுகம்.

இந்தப் பருவம் எப்படிப் போகிறது? ஒட்டகம் எப்படி? சாடையெல்லாம் அதேதானா, மாற்றிவிட்டாயா? விவரமாக எழுது.

நெட்டை

---

8 பிப்ரவரி 1989

அன்புள்ள நெட்டை,

இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிர் மண்டலத்திலிருந்து ஆற்றங்கரைக் கல்லூரி வருகிறது. அவர்களை நாங்கள் பார்த்ததுகூட இல்லை.

கேட்டிருந்தாயே, சாடைகள் எல்லாம் அதேதான். நீ வைத்ததை நான் ஏன் மாற்றப்போகிறேன்? ஒட்டகத்துக்கு இது கடைசி ஆண்டு, கடைசி ஆட்டம். அவன் அப்பா முதன்முறையாகப் பார்க்க வருகிறார்.

அனுமதிச் சீட்டு இதோடு இருக்கிறது. முன்வரிசை, என் பெஞ்சுக்குப் பின்னால். நீ வராமல் இருந்தால் ஜெயித்தாலும் எனக்கு அரைச் சந்தோஷம்தான்.

உன்
குட்டை

---

27 பிப்ரவரி 1989

அன்புள்ள குட்டை,

ஆட்டம் முடிந்ததும் நீ கைகுலுக்காமல் போனாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. நான் சொல்வதையும் கேள்.

நவம்பரில் ஆற்றங்கரைக் கல்லூரியிலிருந்து பயிற்சியாளராக வரச்சொல்லி அழைப்பு வந்தது. இந்தப் பருவத்தில் கோப்பை வந்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். எத்தனை வருஷம் அந்த நாற்காலியில் மடங்கிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ எழுதுவதை நிறுத்தியிருப்பாய். நம் கடிதம் நின்றுபோவதில் எனக்கு விருப்பமில்லை.

இறுதியில் உங்களோடு மோத வேண்டிவரும் என்று நான் கனவா கண்டேன்? மோதும்போது தெரிந்ததை எப்படித் தெரியாததாக ஆக்குவது? எதிராளியின் பலவீனத்தைப் பார்த்துத்தானே எல்லாரும் ஆடுகிறார்கள்? இடது பக்கமாக வாருங்கள், சாடை காட்டுகிறவனை மறையுங்கள் என்று மட்டும்தான் பசங்களிடம் சொன்னேன். காரணம் கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் ஒருவன் செய்தது நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு ஆட்டத்துக்காக நம் சிநேகிதம் போய்விடக் கூடாது. தங்கச்சியோடு ஒருமுறை இங்கே வா. கல்லூரி வீடு கொடுத்திருக்கிறது, விசாலமாக இருக்கிறது.

என்றும் உன்
நெட்டை

---

15 மார்ச் 1989

நெட்டைக்கு,

நான்காவது பருவத்தையும் எழுதிவிடுகிறேன். நீ எதிர்ப் பெஞ்சில் இருந்ததால் எங்கள் பக்கத்தை முழுசாகப் பார்த்திருக்க மாட்டாய்.

முன்வரிசையில் உன் இடம் காலியாக இருந்தது. பஸ் தாமதம் போல என்று பசங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விசில் ஊத வேண்டிய நேரத்தில், நீ அந்தக் கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாய். ஒட்டகம்தான் முதலில் பார்த்தான். உனக்குக் கையசைத்தான். நீ குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாய்.

அதன்பின் இரண்டு பேர் அவனுடைய இடது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஒருவன் எங்கள் பையனின் கையை மறைத்துக்கொண்டே ஆடினான். எந்தப் பக்கத்திலிருந்து இடி விழுகிறது என்று தெரியாமல் ஒட்டகம் சுற்றிச் சுற்றி வந்தான். தோல்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் முடிகிற நேரத்தில் உன் பையன் ஒருவன் அவனுடைய இடது காதருகே போய் என்னவோ சொல்லிவிட்டுச் சிரித்தான். உன் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எங்கள் பசங்க ஏன் என்று கேட்டார்கள். அவனுக்கு அந்தக் காது கேட்காது என்று அவர்களே உரக்கச் சொன்னார்கள். அவன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

உடைமாற்றும் அறையில் ஒட்டகம் அழவில்லை. வலது காது என் பக்கம் இருக்கும்படி வந்து உட்கார்ந்து கேட்டான்: “சார், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாதே?”

உன் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். உன்னிடம் சொன்னது யார்? “நான்தான்பா சொன்னேன்” என்றேன்.

“சரி சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அணிப் படம் எடுக்க வரவில்லை. வகுப்பில் இப்போது வாத்தியார்கள் அவனிடம் உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்களாம். அவன் பயந்தது இதற்குத்தான். அதை உனக்கு நான் எழுதியிருந்தேன்.

நீ வேலைக்காகச் செய்தாய். புரிகிறது. புரிவதால் ஒன்றும் ஆகவில்லை. சாடையை எனக்குக் கற்றுக்கொடுத்த கையே அதை மறைக்கச் சொல்லியிருக்கிறது. சாடைகள் அதேதானா என்று நீ கேட்ட கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். உன்னை அண்ணன் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

அடுத்த பருவத்துக்குப் புதுப் பசங்க வந்திருக்கிறார்கள். நேற்று பயிற்சி முடிந்ததும் அதில் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, “சார், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்” என்றான். சொல்ல வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

குட்டை