கேட்காமலே விடுவேன் என்றவர்

செப்டம்பர் 3, புதன்

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெக்கை. புள்ளியியல் துறையில் மின்விசிறி இன்னும் சரியாகவில்லை. து.த. அறையில் மட்டும் ஏசி. துறைத் தலைவர் என்னைவிட இளையவர். அவருடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை யார் எழுதியது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போகட்டும். (போகவில்லை.)

செய்ய வேண்டியவை: பல் டாக்டர். மாலதியின் மூக்குக் கண்ணாடி. நஸ்ரினின் படம்.

நஸ்ரின் என்னிடம் ஆய்வு செய்கிற கூத்தாநல்லூர்ப் பெண். குடவாசல் பக்கம் விவசாயிகளை வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு வந்திருக்கிறாள். என் ஊரும் அதில் உண்டு. பதில்களில் எண்ணே கிடையாது. நேரடி விதைப்பா நடவா, ஆற்றுத் தண்ணீரா போர்த் தண்ணீரா, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விடுவீர்களா. எல்லாம் வார்த்தை. வார்த்தைகளைக் கூட்டி வகுக்க முடியாது. ஆனால் ஒரே மாதிரி பதில் சொன்னவர்களை அருகருகே வைத்து, அத்தனை கேள்விகளையும் ஒரு தாளில் அடங்கும் படமாகச் சுருக்கலாம். ஆளுக்கு ஒரு புள்ளி. எத்தனையோ வருடமாக இதைத்தான் பாடம் நடத்துகிறேன். இன்னும் படம் திரையில் விழும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன்.

விழுந்தது. இடமிருந்து வலமாக, தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரர்கள் தொடங்கிக் கடைசியில் பாயும் கடைமடைக்காரர்கள் வரை. தண்ணீர் வருமா என்று பயமா என நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்காத அந்தப் பயம்தான் எல்லாப் பதிலுக்கும் அடியில் இருந்திருக்கிறது. மறைமாறி என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். அழகு.

மேலும் கீழுமாகப் பார்த்தால் அலங்கோலம். எல்லாப் புள்ளிகளும் கீழே கும்பலாக, ஒன்று மட்டும் உச்சியில் தனியாக. தண்ணீர்க் கேள்விக்கு நான்கு பதில்: முறை வந்தால் விடுவேன், கேட்டால் விடுவேன், விடமாட்டேன், கேட்காமலே விடுவேன். கடைசிப் பதிலைச் சொன்னவர் ஒரே ஒருவர். அரிய பதில் படத்தையே தன் பக்கம் இழுத்துவிடும். அதைப் பக்கத்துப் பதிலோடு சேர்த்துவிடுவது வழக்கம். 'கேட்டால் விடுவேன்' உடன் சேர்க்கச் சொன்னேன்.

"மெர்ஜ் பண்ணா அவரு காணாமப் போயிடுவாரு சார்."

"போகட்டுமே. படம் சரியாயிடும்."

"படம் நல்லா இருக்கணுமா, அவரு இருக்கணுமா சார்?"

வாய். அவள் ஊர் இனிப்பு, தம்ரூட், கொண்டுவந்திருந்தாள். இரண்டு துண்டு தின்றேன், கோபத்தோடுதான்.

வீட்டுக்கு வந்தால், அண்ணனும் அண்ணியும் தட்டோடு வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்களாம். வரும் புதன் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். வருவார்கள் என்று தெரிந்துதான் கல்லூரியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாலதி: "ஒரு மணி நேரம் இருந்தாங்க. உங்க அண்ணன் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு."

"நான் வரல. நீ போயிட்டு வா."

"தலையில தண்ணி ஊத்தத் தம்பி இல்லாம என்னங்க கல்யாணம்?"

பாகம் பிரித்தபோது தலைமடை வயல் அண்ணனுக்கு, அதை அடுத்த கடைமடை எனக்கு. "நீ படிச்சவன்டா, உனக்குச் சம்பளம் வருது" என்றார், அத்தனை பேர் முன்னாலும். படித்ததற்குத் தண்டனை. அன்றோடு பேச்சு நின்றது. நிலத்தைக் கலியமூர்த்திக்குக் குத்தகைக்கு விட்டேன். கடைமடையிலும் ஒரு போகம்கூடக் காயவில்லை. கலியமூர்த்தி கெட்டிக்காரர். இதைத் துறையில் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். ஒரு பேனா கொடுத்தார்கள். எழுதவில்லை.

சேர்த்துப் போட்ட படம் வந்தது. புள்ளிகள் ஒழுங்காகப் பரவி, கச்சிதம். நஸ்ரின் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் மாலதியிடம், இப்படிப் படம் போடும் முறையை ஆங்கிலத்தில் சுருக்கமாக எம்.சி.ஏ. என்பார்கள் என்றேன். "இந்த வயசுல எம்.சி.ஏ.வா? கேம்பஸ்ல வேலை கிடைக்குமா?" புளிக்குழம்பு நன்றாக இருந்தது. சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

பல் வலி. வெயில்.

அந்தத் தனி ஆளின் மற்றப் பதில்களைப் பார்த்தேன். சும்மாதான். பெயர் இராது, ஊரும் விடைகளும் மட்டும். என் ஊர். தலைமடை. கையால் நடவு. மாடு: ஒரு காளை, உழவுக்கு அல்ல.

எங்கள் ஊரில் உழாத கிழட்டுக் காளைக்குத் தீனி போட்டு, அதோடு பேசிக்கொண்டும் இருக்கிற மனிதர் ஒருவர்தான்.

தலைமடை வயலிலிருந்து தண்ணீர் இறங்கினால் அடுத்து என் வயல். வேறு பக்கத்து வயல் அவருக்குக் கிடையாது.

கலியமூர்த்திக்குப் போன் செய்து, நம் வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க அண்ணன் பெரியவரு, வரப்புல வாமடையை வெட்டி நம்ம வயலுக்கு விட்டப்புறந்தாங்க அவரு வயலுக்குப் பாய்ச்சுவாரு. நான் போயி கேட்டதே இல்லிங்க. போன சம்பாவுல தண்ணி பத்தாம அவரு பக்கம் ஒரு மூலை காஞ்சே போச்சு."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"அவருதாங்க சொல்லாதன்னாரு. தெரிஞ்சா அவன் ரோசக்காரன், நெலத்தையே வித்துப்புடுவான்னாரு."

விற்றிருப்பேன்.

பல் டாக்டரிடம் போகவில்லை. எரிச்சலாக வந்தது. இத்தனை வருடம் தூக்கிச் சுமந்ததை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? மாலதியிடம் சொன்னேன். அவள் இஸ்திரிக்குப் போட வேண்டிய வேட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

மழை. நஸ்ரினிடம் அந்தப் பதிலைத் தனியாகவே வைக்கச் சொன்னேன்.

"தனியாத்தான் சார் இருக்கு. உங்களுக்கு ஒரு படம் போட்டேன், ஆய்வேட்டுக்கு ஒரு படம் வச்சிருக்கேன்."

"அவரு யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

இந்தப் பெண் உருப்படுவாள். து.த. ஆக வேண்டியவள்.

மூக்குக் கண்ணாடி வாங்கியாயிற்று. மாலதிக்கு எடுப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

திருக்கடையூர். விடியற்காலையில் கிளம்பினோம். கோயிலில் பத்துப் பதினைந்து ஜோடி, எல்லாரும் மாலையோடு, எந்த ஹோமப் புகை யாருடையது என்றே தெரியவில்லை. பின்னால் தூணோரம் நின்றேன். அண்ணன் இளைத்திருக்கிறார். அண்ணியின் கூறைப்புடவை அரக்கு நிறம்.

பலகையில் இருவரையும் உட்காரவைத்துக் கலசத் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளைகள், சம்பந்தி வீடு, ஊர்க்காரர்கள். அண்ணன் கண்ணை மூடி நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஆச்சா? வேற யாராவது பாக்கி உண்டா?" என்றார் சாஸ்திரிகள்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இருந்ததிலேயே பெரிய குடமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

"யாருடா அது, கொட்டிக்கிட்டே இருக்கறது?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"உங்க தம்பிதான்" என்றார் அண்ணி.

"அப்ப ஊத்தட்டும்."