மூன்றாவது எழுத்து

ஒக்டோபர் 7, செவ்வாய்

என் வேலையைப் பறித்தவள் றொசானி. புழுக்கம் வேறு. சல்லி ஊர்ப் பக்கம் வானம் கறுத்திருக்கிறது, மழை இல்லை.

மாமியின் மகள், என் மச்சாள். துறைமுக வேலைக்கு வந்த கம்பனியில் மொழிபெயர்ப்பாளர். நேர்முகத்துக்கு இருவரும்தான் போனோம். எழுத்தில் எனக்குத்தான் கூடப் புள்ளி. ஆனால் அவள் கொழும்பில் படித்தவள், ஆங்கிலத்தை மூக்கால் பேசுவாள். இங்கே மொழி தெரிந்தால் போதாது. மூக்கும் வேண்டும்.

இனி றொ. என்றே எழுதுவேன். முழுப்பெயருக்கு மை வீண்.

பின்னேரம் கரையில் கூட்டம். வலையும் கருவாடும் வைக்கிற வாடிகளைப் பற்றி. வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஆங்கிலத்தில் சொல்ல, றொ. தமிழில்: “திங்கட்கிழமை வாடியள் எல்லாத்தையும் உயர்த்தித் தருவினம்.”

மாரியில் கடல் உள்ளே வருகிறது, தரையை உயர்த்தித் தாருங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்ட சனம். கைதட்டல். சம்மதமானவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். அண்ணன் இரண்டு கையையும் தூக்கினான். வெள்ளைக்காரர் மட்டும் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவரும் சிரித்தார்.

றொசானியின் வாய்க்குச் சீனி போட வேணுமாம். அம்மா சொன்னது. என் தட்டில் காய்ந்த பாண் துண்டு.

ஒக்டோபர் 8, புதன்

தூறல். வாங்க: மண்ணெண்ணெய், சவர்க்காரம், அண்ணனுக்கு நைலோன் கயிறு.

கயிற்றுக் கடையில் அந்தக் கை நினைவுக்கு வந்தது. நேற்று எல்லோரும் றொ.வையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க ஏலாது, அதனால் வெள்ளைக்காரரைப் பார்த்தேன். “ரெய்ஸ்” என்று சொல்லும்போது அவருடைய உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி, மேசை துடைப்பது போல, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. உயர்த்தப் போகிறவனின் கை மேலே அல்லவா போகும்?

அகராதி. இரண்டு சொற்கள், ஒரே சத்தம். ஒன்று உயர்த்துவது. மற்றது இடித்துத் தரைமட்டமாக்குவது. ஆர், ஏ வரை ஒன்றுதான். மூன்றாவது எழுத்தில் பிரிகின்றன. ஐ என்றால் வாடி உயரும். இசெட் என்றால் வாடி இல்லை. தமிழில் எழுதிப் பார்த்தேன். ரெய்ஸ். ரெய்ஸ். இரண்டு பக்கமும் ஒரே முகம்.

முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பிழை விட்டாளே என்று. அந்த வரிசையில் அண்ணனின் வாடியும் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

ஒக்டோபர் 10, வெள்ளி

காற்று. உடுப்பு காய்ந்துவிட்டது.

அண்ணனிடம் சொல்ல வாடிக்குப் போனேன். நான் வாங்கிக் கொடுத்த கயிற்றால் வலைகளையும் எஞ்சினையும் கூரை வளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். தரையை உயர்த்த வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாதாம்.

இரண்டு ரெய்ஸையும் விளங்கப்படுத்தினேன். குதிரை ரேஸோ என்று கேட்டுச் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

“உனக்கு அவளில எரிச்சல் எண்டு ஊருக்கே தெரியும். பேசாமல் இந்தக் கயித்தைப் பிடி.”

பிடித்தேன்.

பிறகு கம்பனி வாசல். வெள்ளைக்காரரைப் பார்க்க வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் ஊடாக வரட்டுமாம். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றேன். காவலாளி என் செருப்பைப் பார்த்தார்.

“அப்ப ஏன் தங்கச்சி வெளியில நிக்கிறீங்கள்?”

நிற்கும்போதே றொ.வின் வேன் வெளியே வந்தது. வேனில் ஏசி, தோளில் புதுக் கைப்பை. எனக்குக் கை காட்டினாள்.

ஒன்றை எழுதத்தான் வேண்டும். அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால் நானும் சனத்தின் முகத்தைத்தான் பார்த்திருப்பேன். வெள்ளைக்காரரின் கையை அல்ல. உயர்த்துவது என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கும் தட்டியிருப்பார்கள்.

அதனால் கோபம் குறைந்ததா? இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நல்ல வெயில். பூசைக்குப் போகும் வழியில் பார்த்தேன்: கரையில் மஞ்சள் மெசின் ஒன்று. முன்னால் அகன்ற இரும்புத் தகடு. உயர்த்துகிற மெசின் என்று அண்ணன் பக்கத்தில் வந்தவர்களுக்குச் சொன்னான். அந்தத் தகடு எதை உயர்த்தும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பூசை முடிந்து கோயில் முற்றம். றொ.வைச் சுற்றிப் பத்துப் பேர். நாளைக்கு எத்தனை மணிக்கு, எங்கள் வாடி முதலோ என்று கேள்விகள். இடையில் புகுந்தேன்.

“மச்சாள், அவர் சொன்ன சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்லு.”

“விசரே உனக்கு? பொறாமையில கதைக்காத.”

“ஓம், பொறாமைதான். வாடி அண்ணன்ர. கூட்டிச் சொல்லு.”

உதடு அசைந்தது. நின்றது. அவள் தலை மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது. அங்கே மெசினின் மஞ்சள் தெரிந்தது. அவளுடைய வலது கை, உள்ளங்கை கீழே பார்த்தபடி, கைப்பைக்கு மேலால் ஒருமுறை போய் வந்தது. வெள்ளைக்காரர் காட்டிய அதே மாதிரி. அவளுக்கும் நினைவு வந்துவிட்டது.

ஃபோனை எடுத்து அவரிடம் கேள், உனக்கு வெட்கமென்றால் நான் கேட்கிறேன் என்றேன். கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இப்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆர், ஏ. அடுத்த எழுத்தைச் சொல்லு, றொசானி.”