பி.எஃப். பணமும் நானும்

திருநின்றவூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சரணுக்கு,

அம்மா எழுதுகிறேன். பெங்களூரில் இப்போது நல்ல குளிர் என்று மருமகள் மதிவதனி சொன்னாள். காலையில் வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் என்னால் முழுதாகப் பேச முடியாது, பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குக் கோபம் தீராவிட்டாலும் கடைசிவரை படித்துவிடு.

அன்றைக்கு நீ வந்து வீட்டுக் கடன் கட்டப் பணம் கேட்டபோது நான் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதுகூடப் பெரிதில்லை. சொன்ன விதம்தான் என்னை உறுத்துகிறது. "உங்கப்பா கூட என் பி.எஃப். துட்டு மேல கை வச்சதில்ல, நீ வந்து கேக்குற" என்றேன். வேலை போய் நாலு மாதமாக யாரிடமும் சொல்லாமல் இருந்த பிள்ளை, வேறு வழியில்லாமல் பெற்றவளிடம் வந்து நிற்கிறான். அவனிடம் பேசுகிற பேச்சா அது? நீ பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டாய். கூப்பிட்டிருக்கலாம்.

நீ போன மறுநாள் நான் சும்மா இருக்கவில்லை என்பதாவது உனக்குத் தெரிய வேண்டும். அம்பத்தூர் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். பி.எஃப். பணத்தைப் போட்டு வைத்திருக்கிற சீனியர் சிட்டிசன் கணக்கை முடித்துப் பணத்தை எடுக்கிறேன் என்று சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண், இடையில் முடித்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள் அம்மா, யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லி, ஃபாரத்தை வாங்கிக் கையெழுத்தும் போட்டேன். பாஸ்புக்கின் ஜெராக்ஸ் வேண்டும் என்றாள். எடுக்க வெளியே வந்தேன்.

ஜெராக்ஸ் கடை வாசலில் வேம்புலியம்மாளைப் பார்த்தேன். துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் என்னோடு ஒரே மேஜையில் செக்கிங் பார்த்தவள், நம் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறாள். ரிட்டயர் ஆனதும் வந்த பணம் முழுவதையும் மகனுக்குக் கடை வைக்கக் கொடுத்தவள். கடை ஓடவில்லை. இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. நீலச் சட்டையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "குட்த்ததுக்கு எனுக்கு வருத்தம் இல்ல சொர்ணம். கண்ணாடி மாத்தணும்டானு கேட்டேன், மூஞ்சிய திருப்பிக்கினான். அதான் தாங்கல" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் திரும்ப உள்ளே போகவில்லை சரண்.

நீ அப்படிப்பட்டவன் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் வேம்புலியின் மகனும் அப்படிப்பட்டவனாக இருந்தவன் இல்லை. நம் வீட்டுக்கு வந்தால் என் கையிலிருந்து தண்ணீர்க்குடத்தை வாங்கிக்கொள்வான். இல்லாமை மனுஷனை அப்படி ஆக்கிவிடுகிறது. கம்பெனி பென்ஷன் என்று எனக்கு வருவது ஆயிரத்துச் சொச்சம். போஸ்ட் ஆபீஸ் வட்டியில்தான் மாத்திரை, மளிகை, கேஸ் எல்லாம். அதையும் எடுத்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் உன் எதிரில் வந்து நிற்க வேண்டும். உனக்கே அடுத்த வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. உன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னைக் காப்பாற்றுவதைவிட உன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன் போலிருக்கிறது. இது சுயநலமா, என்னவென்று எனக்கே தெரியவில்லை.

எப்படியும் அது உனக்குத்தானே வரும் என்று எழுத நினைத்தேன். எப்போது வரும் என்று யோசித்ததும் கை நின்றுவிட்டது.

இன்னொரு விஷயம். நம் கள்ளிக்குப்பம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன். தென்காசிப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், நல்ல மாதிரியாகத் தெரிகிறது. நான் இங்கே திருநின்றவூரில் ஒரு அறை பார்த்து வந்துவிட்டேன். இங்கே வாடகை பாதிகூட இல்லை. மிச்சப் பணம் மாதாமாதம் உன் கணக்குக்கு வரும். நம்பரை மதி கொடுத்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் பிடுங்காத குறையாகக் கேட்டு வாங்கினேன். அவள் வளையல் அடகுக்குப் போன சேதியும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பணம் உன் வீட்டுக் கடன் தவணையில் பாதிக்குக்கூடக் காணாது. பூந்தமல்லி ஃபிளாட்டைக் கட்டி முடித்துக் கொடுக்கவே இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்கிறாய். தாங்க முடியாவிட்டால் அதை விற்றுவிடு. மெட்ரோ வந்தால் விலை ஏறும் என்று அதையே கட்டிக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் தூங்காமல் கிடக்க வேண்டாம். விற்றால் நாலு பேர் பேசுவார்கள். வேலை கிடைத்தால் அதே நாலு பேர் வேறு எதையாவது பேசுவார்கள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தண்ணீர் கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். ஏரிக்காற்று நன்றாக வருகிறது. வீட்டுக்காரி வேலூர்ப் பக்கம், நல்லபடியாகப் பேசுகிறாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வாடகைப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடாதே. அனுப்பினால் நீ என்னை மன்னிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

நீ நல்லா இருக்கணும், மதி நல்லா இருக்கணும். சீக்கிரம் வேலை கிடைக்கட்டும். கிடைக்கிறவரை தலை நிமிர்ந்து நட, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு. நான் எடுக்க மாட்டேன். திரையில் உன் பெயரைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

உன் அம்மா,
சொர்ணம்