வேனில் ஏறிய வரிசையில்

அக்கா,

நேற்று மாலை கோயில் மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாலும் நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். தலைவர், அவர் மனைவி, செயலாளர், கேடட் பிள்ளைகளுக்கு அணிவகுப்பு சொல்லிக்கொடுக்கும் சார், உங்கள் மகள் தேவி, வரவு செலவு எழுதுகிற நான். பிறகு, சட்டம் போட்ட படத்துக்குள் நீங்கள். தேநீர் வைத்துவிட்டுப் போன பெண் உட்காரவில்லை, அவளைச் சேர்க்கவில்லை.

படத்துக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். நெற்றியில்கூட இல்லை, படத்தின் கண்ணாடியில் இடது புருவத்தின்மேல் அப்பியிருந்தது. வைத்தவர் தலைவரின் மனைவி. அந்த வாசனை ஏறியதும் எனக்குக் குமட்டியது. சந்தனம் அக்கா. செவ்வாயும் வெள்ளியும் என் கையால் அரைத்து முருகனுக்குச் சாத்துகிற அதே சந்தனம். அதை முகர்ந்தால் குமட்டும்படி என்னை ஆக்கிவிட்டார்கள். அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று அவனுக்குத் தெரியும்.

நீங்கள் போன பிறகுதான் பிள்ளைகள் விமானத்தில் பறக்கும் நாள் வந்தது. அன்று நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. தேவி உங்கள் படத்தின் முன்னால் நின்று சொல்ல முயன்றாளாம். வாய் வரவில்லை என்றாள். ஆகவே நான் எழுதுகிறேன்.

ஆரம்பித்தது நீங்கள் ஓட்டிய பள்ளி வேனில்தான். சனிக்கிழமை அணிவகுப்புக்குப் பெண் பிள்ளைகளும் வருகிறார்கள், கூட ஒரு பெரியவள் இருக்கட்டும் என்று என்னை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டீர்கள். டவுனை ஒட்டிய செங் பக்கம் திரும்பும்போது ஒரு சின்ன விமானம் நம் தலைக்கு மேலே தாழப் போகும். வேன் முழுவதும் ஒரு பக்கமாகச் சாயும். நியாலாஸிலிருந்து வருகிற யாழினி ஒருநாள் கேட்டாள்.

“ஆண்டி, அதுக்குள்ள உக்காந்தா நம்ம வேன் தெரியுமா?”

“தெரியும்லா. ஹாரன்தான் கேக்காது. நீ கை காட்டு, நான் பாத்துக்குறேன்” என்றீர்கள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வேனை நேராகப் பறப்புப் பயிற்சிக் கழகத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். பள்ளி வேன் வழி தப்பி வந்துவிட்டது என்று காவலாளி மலாயில் சொன்னான். “வழி தப்பல தம்பி, இத்தனை வருஷமா வேற பக்கம் போய்க்கிட்டு இருந்தேன், அதான் தப்பு” என்று நீங்களும் மலாயில் சொன்னீர்கள். அவன் குறுக்குக் கம்பைத் தூக்கிவிட்டான். அந்த மாதிரி வாய் எனக்குக் கிடையாது. இருந்திருந்தால் நேற்று இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன்.

அந்தக் கழகத்தில் விமானம் ஓட்டும் கேப்டன் நல்ல மனிதர். கேடட் பிள்ளைகளை ஒரு சுற்று அழைத்துப் போகலாம் என்றார். ஓட்டுகிறவர் போக மூன்று இடம். எண்ணெய்ச் செலவு மட்டும் நம்முடையது. பெற்றோர் கையெழுத்து வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் எடையும் வேண்டும் என்றார். அவர் கொடுத்த தாளில் இருந்த நீளமான ஆங்கிலச் சொல்லை வீட்டுக்கு வந்து அகராதியில் தேடினேன். பழக்கப்படுத்துதல் என்று இருந்தது. “மாடா குதிரையா, பழக்கப்படுத்துறதுக்கு? பழகு பறப்புன்னு எழுது தங்கச்சி” என்றீர்கள். எழுதினேன். என் கையெழுத்தில் அந்த இரண்டு சொல் இன்னும் அழகாக இருக்கிறது.

எடை பார்க்கப் பெம்பானில் பாய் கடைக்குப் போனோம். அரிசி மூட்டை வைக்கிற தராசு. “பாய், இன்னைக்கு மூட்டையெல்லாம் யூனிபார்ம் போட்டுக்கிட்டு வந்திருக்கு” என்றீர்கள். பாய் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “நிறுத்த மூட்டைய நான் திருப்பி எடுத்துக்க மாட்டேன்கா, பாத்து ஏத்துங்க.” பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே ஏறி இறங்கினார்கள். கடைசியில் நீங்களும் ஏறி, முள் நின்ற இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டீர்கள். “இது கேடட் கணக்குல வராது, எழுதாத.” எழுதவில்லை அக்கா. ஆனால் விரலிடுக்கில் பார்த்துவிட்டேன்.

திரும்பும் வழியில் யார் முதலில் பறப்பது என்று பின்னால் சண்டை. நீங்கள் வேனை ஓரமாக நிறுத்தினீர்கள்.

“இங்க பாருங்க. என் வேன்ல ஏறுற வரிசைதான் அங்கயும். நியாலாஸ் பிள்ளைங்க இருட்டுல எந்திரிச்சு மொதல்ல ஏறுறாங்க, கடைசியா எறங்குறாங்க. பாதி ஆயுசு என் சீட்டுலயே போகுது. மேலயாச்சும் மொதல்ல ஏறட்டும். அப்புறம் பெம்பான். டவுன்ல இருக்குறவங்க கடைசி. வாயத் தொறந்தா நடந்து போ.”

யாரும் வாயைத் திறக்கவில்லை. அதைவிட நியாயமான ஒரு சட்டத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. காலையில் யாழினி வீடுதான் முதல் நிறுத்தம். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், விரலால் கண்ணாடியில் இறக்கை வரைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் நீங்கள் இல்லை.

எண்ணெய்ச் செலவுக்குப் பட்டமும் பணமும் உள்ள ஒரு டத்தோவைப் பிடித்துத் தருகிறேன் என்று கோயில் தலைவர் உள்ளே வந்தார். வரட்டும், நல்ல காரியம்தானே என்று நினைத்தேன். அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ‘அறிமுகப் பறப்பு விழா’ என்று இருந்தது. பழகு என்ற சொல்லைக் காணோம். செயலாளரைக் கேட்டேன்.

“பழகுன்னா என்னம்மா, பாலர் பள்ளி மாதிரி இருக்கு. விழான்னு போட்டாத்தான் டத்தோ வருவாரு. ஒங்களுக்கு வெளங்காது.”

எனக்கு விளங்கியது. விழா என்றால் திறந்துவைக்க ஆள் வேண்டும். ஆள் என்றால் மாலை வேண்டும். மாலை விழுந்த கழுத்துக்கு முதல் மரியாதை வேண்டும். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பது அந்த அழைப்பிதழில் எங்கும் இல்லை.

அன்று காலை பிள்ளைகள் மடிப்புக் கலையாத சீருடையில் வரிசையாக நின்றார்கள். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தேவி உங்கள் வேனைக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தியிருந்தாள். கேப்டன் விமானத்தைச் சுற்றிவந்து சோதித்துவிட்டு, டத்தோவுக்குக் கை கொடுக்கப் போனார். அந்த இடைவெளியில் தலைவரின் மனைவி தாம்பாளத்தோடு விமானத்தருகே போனார். சக்கரத்துக்கு எலுமிச்சை. மூக்குக்கு மாலை. புது கார் எடுத்தால் எங்கெங்கே பொட்டு வைப்பார்களோ அங்கெல்லாம் சந்தனம், குங்குமம். இறக்கைக்கு அடியில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் நல்ல கெட்டியாக ஓர் அப்பு. அது ஏதோ நெற்றி என்று நினைத்துவிட்டார்.

கேப்டன் திரும்பி வந்து அந்தக் குழாயின் முன் குந்தினார். விரலால் தொட்டார், முகர்ந்தார். “இனி அப்பா, காக்?” என்று மலாயில் என்னைக் கேட்டார். ‘இது என்ன, அக்கா?’ என்று அர்த்தம். அந்தக் குழாய் வழியாகக் காற்று போனால்தான் விமானம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியுமாம். அடைத்துக்கொண்டு மேலே போனால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. ஆளை அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டிவரச் சொன்னார்.

“சாமி பிரசாதம்தான். அதுனால ஒண்ணும் ஆகாதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா” என்றார் தலைவரின் மனைவி.

நான் சொல்லவில்லை. பக்தி என்றால் என்ன என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். கண் தெரியாமல் கை நீட்டுவது பக்தி இல்லை.

மெக்கானிக் வந்து, கழற்றி, கழுவி, ஊதிப் பார்த்து, மாட்டி முடிக்கும்போது காலை போய்விட்டது. கடல் பக்கம் மேகம் கறுத்தது. இரண்டு சுற்றுதான் முடியும் என்றார் கேப்டன். நான் யாழினியையும் மற்ற நியாலாஸ் பிள்ளைகளையும் முன்னால் வரச் சொன்னேன். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இரும்மா. டத்தோ காத்துக்கிட்டு இருக்காரு. மரியாதைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

முதல் சுற்றில் டத்தோவும் தலைவரும். எடை எவ்வளவு என்று கேப்டன் கேட்டதற்குத் தலைவர் தம் கல்யாணத்தின்போது இருந்த எடையைச் சொன்னார். கேப்டன் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த இரண்டு பேரோடு மூன்றாவது ஆளை ஏற்ற முடியாது என்று கதவைச் சாத்தினார். ஓர் இடம் காலியாகவே பறந்தது அக்கா. இரண்டாவது சுற்றில் தலைவரின் மனைவி, செயலாளர், படம் எடுக்க வந்தவர். அவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகள் பதாகையைப் பிடித்துக்கொண்டு சல்யூட் அடிக்க வேண்டும் என்று செயலாளர் சொன்னார். அடித்தார்கள். சார் தம் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மழை கொட்டியது.

மழையிலேயே வேனில் திரும்பினோம். பெம்பான் தாண்டியபின் யாழினிதான் பேசினாள்.

“ஆண்டி, எங்கள விட அந்தக் காலி சீட்டு குடுத்து வச்சது.”

மறுநாள் கோயிலுக்குப் போய் நின்றேன். கும்பிட வரவில்லை. அருவருப்போடு சாமி முன்னால் நிற்கக் கூடாது என்று திரும்பிவிட்டேன். எச்சில் இலையை மிதித்துவிட்ட கால் மாதிரி இருந்தது, எத்தனை கழுவினாலும்.

இப்போது நேற்றைய கூட்டம். கேப்டன் இன்னொரு நாள் தருகிறேன் என்றிருக்கிறார். இந்த வருடத்துக்கு அது ஒன்றுதான். ஆனால் பெற்றோர் யாரும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். சல்யூட் அடிக்கவா பிள்ளையை அனுப்புவது என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். ஆகவே தலைவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. உங்கள் பெயரை வைத்து நினைவுப் பறப்பு விழா. உங்கள் பெயருக்காகப் பெற்றோர் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது ‘அந்த வேன்காரம்மா’. இப்போது மாலை, சந்தனம். தேவியைக் கேட்டார்கள். “சின்னம்மா என்ன சொல்றாங்களோ அதான்” என்று அவள் என்னைப் பார்த்தாள்.

வேண்டாம் என்றால் டத்தோ இல்லை, கையெழுத்து இல்லை, பறப்பும் இல்லை. வருடம் முடிந்தால் யாழினிக்குக் கேடட் வயது தாண்டிவிடும். சரி என்றால் உங்கள் பெயர் எழுதிய பதாகைக்குக் கீழே மறுபடியும் அதே முதல் மரியாதை.

நான் சொன்னேன்: “பேர் வச்சுக்கலாம். ஆனா அக்கா சொன்ன வரிசையிலதான் எல்லாரும் ஏறணும். வேன்ல ஏறுற வரிசை. நியாலாஸ் மொதல்ல. நீங்க இருக்குறது டவுன் பக்கம் செங்ல, அதுனால நீங்க கடைசி. விமானத்துக்கிட்ட தாம்பாளம் வரக் கூடாது.”

தலைவர் சிரித்தார். “என்னைய என்ன, வேன்ல போற பிள்ளைன்னு நெனச்சியாம்மா?”

“ஏறணும்னா அப்படித்தான்” என்றேன்.

செயலாளர் பேனாவை மூடினார். “அந்தம்மா அப்படிச் சொன்னதுக்கு என்ன ஆதாரம்? எங்க எழுதியிருக்கு?”

அப்போதுதான் சார் வாயைத் திறந்தார். பிள்ளைகளைக் கேளுங்கள், எல்லாருக்கும் மனப்பாடம் என்றார். பிள்ளைகள் பேச்சைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் நிபந்தனை இல்லாமல் சம்மதம் சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் எல்லாம் ரத்து. நான் எழுந்து, கைக்குட்டையை நனைத்து வந்து, உங்கள் புருவத்திலிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

முன்பெல்லாம் முடிவு தெரியாவிட்டால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுவேன். நீங்கள் கேலி செய்வீர்கள்: “ஆமா இல்லன்னு மட்டும் கேக்காத தங்கச்சி, பாவம், அவருக்கு வேற வார்த்தையும் தெரியும்.” இந்த முறை பூப் போடவில்லை. நிபந்தனையை விடப் போவதில்லை. அதில் கேட்க ஒன்றும் இல்லை. காலையில் விளக்கேற்றும்போது யாழினியில் ஆரம்பித்து, நியாலாஸ், பெம்பான் என்று பிள்ளைகளின் பெயரை நீங்கள் ஏற்றிய வரிசையிலேயே சொல்லிக் கும்பிடுகிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். அதை இவர்கள் கையில் கொடுக்க மாட்டேன்.

ஆனால் அவர்கள் கேட்கும் சாட்சி நீங்கள்தான். போனவர்கள் கனவில் வருவார்கள் என்று நான் நம்புகிறேன், நீங்கள் நம்பியதில்லை. பரவாயில்லை. வருவதானால் என் கனவுக்கு வர வேண்டாம், எனக்குத் தெரிந்ததுதான். தலைவர் வீட்டுக்குப் போங்கள். விடியும் முன்னால் வேனை அவர் வாசலில் நிறுத்தி, நியாலாஸ் பிள்ளைகளுக்கு அடிப்பதுபோல் இரண்டு தடவை ஹாரன் அடியுங்கள். கதவைத் திறந்து வந்தால் உள்ளே எல்லாரும் உட்கார்ந்திருக்கட்டும். பின்னால் இருக்கிற கடைசி இடத்தைக் காட்டுங்கள்.

ஏறுகிறாரா, நடந்து வருகிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பதில் வேண்டும் அக்கா.