நான் வைத்த தேன்

சம்பந்தி,

பெரிய பேரன் வல்லம் வடகால் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். உங்கள் மகள் செல்வி பெற்ற நம் முகிலன், ஐந்து வயதில் ஓட்டப்பந்தயக் கோப்பையோடு வந்து நிற்கிறான். தெருவில் இதையெல்லாம் நான் சொல்லாத ஆள் இல்லை. அதனால்தான் நேற்று பக்கத்து வீட்டுக்காரி, தனக்குப் பேத்தி பிறந்த மூன்றாம் நாள், என்னைச் சேனை வைக்கக் கூப்பிட்டுத் தேன் கிண்ணத்தை நீட்டினாள். பிள்ளைகள் தலையெடுத்த வீட்டுக் கை குழந்தையின் நாக்கில் பட்டால் அந்த ராசி ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

தேன் வாசனை மூக்கில் ஏறியதும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற செல்வி சொன்னாள்: "எங்கம்மா வெச்சுதான் எங்க புள்ள பொழைக்குமா பொழைக்காதான்னு கெடந்துச்சு. எங்க அத்ததான் கூடவே இருந்து பாத்துக்கினாங்க."

நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. நேற்றும் நான் அவளைத் திருத்தவில்லை.

ஒரகடம் கம்பெனி கேன்டீனில் உங்களுக்குச் சமையல் வேலை. உப்பிப்போன உணவு டின்னைத் திறந்து பார்க்காமலே தூக்கிப் போட வேண்டும் என்று அங்கே ஒரு வகுப்பு எடுத்தார்கள். தேன் விஷயத்தையும் அதில்தான் கேட்டு வந்தீர்கள். முகிலன் பிறந்தபோது பிரசவம் உங்கள் பக்கம். சேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். என் வீட்டு வாரிசுக்கு என் கை படாமல் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம். மூன்றாம் மாதம் தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். செல்வி குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் தினமும் ஒரு விரல் தேன் வைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டுவான். அதில் எனக்கு ஒரு வெற்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தீர்கள். உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். பிள்ளையின் வாயோரம் தேன் பிசுபிசுப்பு. முந்தானையால் துடைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னீர்கள்: "வேணாம் சம்பந்தி. அதுல கண்ணுக்குத் தெரியாத கிருமி வெதை இருக்கும். காய்ச்சினாலும் சாவாது. நம்ம வயிறு தாங்கும், பச்சப்புள்ள வயிறு தாங்காது."

"கேன்டீன்ல சாம்பார் ஊத்தறவங்க எனக்குப் புள்ள வளக்கச் சொல்லித் தராங்க. நாலு பெத்து நாலுக்கும் தேன் வெச்சவ நான். இன்னா ஆயிடுச்சு?"

"நாலு தடவ ரோட்டப் பாக்காம தாண்டினீங்க. வண்டி வரல, அவ்ளோதான்."

அந்த வாரமே வண்டி வந்துவிட்டது. பிள்ளைக்கு நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அப்புறம் அழுகை பூனைக்குட்டி போல மெலிந்தது. இமை தொங்கியது. பால் சப்ப முடியவில்லை. தூக்கினால் கழுத்து வாடிய கீரைத்தண்டாகச் சாய்ந்தது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, தேன் ஏதாவது கொடுத்தீர்களா என்பது. மகன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து பையில் எதையோ தேடினேன்.

"நான்தான் டாக்டர் வெச்சேன். ஞாயித்துக்கெழம வந்தப்போ," என்றீர்கள், செய்தி கேட்டு ஓடி வந்திருந்த நீங்கள்.

பாட்டுலிசம் என்றார் டாக்டரம்மா. அந்த விதை பிள்ளையின் குடலில் முளைத்து விஷம் கக்கும், அது நரம்பைத் தளர்த்தும், மூச்சு இழுக்கவும் தெம்பு இருக்காது என்று விளக்கினார். கிட்டத்தட்ட ஒரு மாதம் மெஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. வராந்தாவில் நீங்கள் என்னிடம் வந்தபோது அறைவீர்கள் என்று நினைத்தேன். "காரணம் தெரிஞ்சா வைத்தியம் நடக்கும். யாரு வெச்சதுன்னு இப்ப எதுக்கு? எம்பொண்ணு உங்க வூட்ல வாழணும் சம்பந்தி. நீங்களே ஒரு நாள் சொல்லிடுங்க," என்றீர்கள்.

அந்த ஒரு நாளை நான் வரவே விடவில்லை. மகன் உங்களை வீட்டுக்குள் கூப்பிடுவதை நிறுத்தினான். மாதம் ஒருமுறை வந்து வாசலிலேயே பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போவீர்கள். ஒருமுறை, நீங்கள் முத்தம் கொடுத்த கன்னத்தை உங்கள் எதிரிலேயே ஈரத்துணியால் துடைத்தேன். செய்ததில் அதுதான் பெரிய கேவலம். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இன்று காலை செல்வி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டேன். "உங்கம்மா வெக்கல. நான் வெச்சேன்."

வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் அசையவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன்.

"கடைசியா என் கையப் புடிச்சாங்க அத்த. நான் உருவிக்கினேன்."

சாயங்காலம் முகிலனை அழைத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் எதற்குப் பயந்து பழியை ஏற்றீர்களோ, அது நடந்துவிட்டது. அவள் திரும்பி வருவாளா என்று தெரியவில்லை. வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அவள் கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டேன். எங்கள் வீட்டில் உங்கள் படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணப் படத்திலும் உங்களை மறைத்துக்கொண்டு நான்தான் நிற்கிறேன். நல்லதாக ஒன்று புதிதாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு என்றேன். செல்வி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். வந்தால் கூடத்தில் மாட்டுவேன். இது யார் என்று கேட்கிறவர்களிடம், நான் செய்ததையும் நீங்கள் சொன்னதையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வேன்.